துப்பு

எங்கள் ஆபீசில் வருஷத்துக்கு ஒரு தரம் ஊழியர் நல வாரம் என்று ஒன்று கொண்டாடுவார்கள். போன வருஷம் சிறுதானிய லட்டு கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற யோகா. இந்த வருஷம் ஆளுக்கொரு டிஎன்ஏ பெட்டி. வீட்டிலேயே ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி கூரியரில் அனுப்பிவிட்டால், நம் முன்னோர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள், நமக்கு என்னென்ன வியாதி வரக்கூடும், நம் ரத்த சொந்தங்களில் வேறு யார் யார் துப்பியிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆறு வாரத்தில் செல்போனுக்கு வந்துவிடுமாம். குடும்பத்தில் இன்னொருவருக்கும் ஒரு பெட்டி இலவசம் என்றார்கள். இலவசம் என்றால் எனக்குக் கை தானாக நீளும். இரண்டு வாங்கிக்கொண்டேன்.

குடும்பம் என்று எனக்கு இருந்தது அப்பா ஒருவர்தான். அம்மா கங்கம்மா செத்து நாலு வருஷமாகிறது. கட்டிக்கொண்டவனோடு ஆறு வருஷம் வாழ்ந்து பார்த்துவிட்டு, இது சரிப்படாது என்று நான் துணிமணியோடு ஊரிகம் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, அப்பா ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூட்கேஸை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் கறிக்கடையில் நின்று அரைக் கிலோ வாங்கினார். அம்மாதான் மூன்று நாள் அழுதாள். அப்பா மூன்று நாளும் சமைத்தார். இந்த மனுஷனுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைப்பது சுலபம்.

அப்பாவின் பெயர் காத்தவராயன். கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்தேழு வருஷம் அண்டர்கிரவுண்ட் வேலை. சுரங்கத்தை மூடியபிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தார், அதையும் விட்டு இப்போது எழுபது வயதில் வீட்டில் இருக்கிறார். சுரங்கக்காரர்களுக்கென்று கட்டிய லைன் வீட்டில் சமையல் அவருடையது, திட்டுவது என்னுடையது. நான் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியில் கோப்பு பார்க்கிறேன். காலை ரயிலில் போய் இருட்டியபின் திரும்புவேன்.

எனக்கு தைராய்டு வந்தபோது, அப்பா வழியில் யாருக்காவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். அப்பா வழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அவருடைய அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு நடந்தே வந்தார் என்பதுதான். நடந்து வந்ததைச் சொன்னால் டாக்டரம்மாவுக்கு என்ன பிரயோஜனம். அதனால் இரண்டாவது பெட்டி அப்பாவுக்கு.

அன்று சாயந்தரம் பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாயை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"துப்பணும்பா. இந்தக் கோடு வரைக்கும் துப்பிட்டு மூடிடணும். டெஸ்டுக்கு."

"துப்பு டெஸ்டா." குழாயைக் கீழே வைத்துவிட்டார். "இதுல இன்னா தெரியும்?"

அப்போது நான் சொன்னதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். "உடம்புல இன்னா கீதோ அத்தினியும் தெரியும். நெஞ்சுல, வயித்துல, ரத்தத்துல. இதுகிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது" என்றேன். டிவி விளம்பரத்தில் வருகிறவளைப்போல் கையை வேறு விரித்துக் காட்டினேன். பாதி தெரிந்ததை முழுக்கத் தெரிந்ததுபோல் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து உள்ள வியாதி. அதைக் கண்டுபிடிக்கக் குழாய் தேவையில்லை.

"நெஞ்சு கூடயா?"

"நெஞ்சுதான் மொதல்ல."

அப்பா குழாயை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "காலைல குடுக்கிறேன். பல்லு வெளக்கறதுக்கு முன்ன, வெறும் வயித்துல குடுத்தாத்தான் கரெக்டா வரும்" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லப்பா. சாப்பிட்டு அரை மணி நேரம் ஆனா போதும்."

"உனக்குத் தெரியாது. நீ வெச்சுட்டுப் போ, நான் குடுத்துக்கிறேன்."

சிரித்துவிட்டு என் குழாயில் நான் துப்பினேன். மறுநாள் நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது அவருடைய குழாய் கோடு வரைக்கும் நிரம்பி, மூடி இறுக்கி, பெட்டிக்குள் ஒழுங்காகப் படுத்திருந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்பினேன்.

ரிசல்ட் வந்தபோது ரயிலில் இருந்தேன். மாலூர் தாண்டியிருந்தது. இரண்டு கணக்கும் என் போனில்தான். என்னுடையதை முதலில் திறந்தேன். தென்னிந்தியா தொண்ணூற்றெட்டு சதவிகிதம். இதைச் சொல்ல ஆறு வாரம். தைராய்டு வர வாய்ப்பு உண்டு என்றது, வந்து ஒன்பது வருஷமாகிறது. அப்பாவுடையதில் சர்க்கரை வர வாய்ப்பு குறைவு, இதயம் சுமார், தலையில் வழுக்கை விழ வாய்ப்பு மிகக் குறைவு என்று போட்டிருந்தது. அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே உச்சி பளபளத்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்ன என்று பார்க்குமளவுக்கு அதைப் படித்துச் சிரித்தேன்.

பிறகு சொந்தக்காரர்கள் பட்டியலுக்குப் போனேன். எனக்குச் சிங்கப்பூரில் ஒரு தூரத்து உறவு, ஓசூரில் ஒரு தூரத்து உறவு. அப்பா இல்லை. அப்பாவின் பட்டியலில் நான் இல்லை. இரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். இந்த இருவருக்கும் இடையே ரத்த உறவு காணப்படவில்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதுவே வந்தது.

ஒயிட்ஃபீல்டில் இறங்கினேன். ஆபீசில் லிஃப்டில் ஏறினேன். வழக்கமாக ஒரு நாளைக்கு முப்பது கோப்பு முடிப்பேன், அன்றைக்கு நாற்பத்திரண்டு முடித்தேன். மத்தியானம் டிஎன்ஏ கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். குழாய் மாறியிருக்குமா என்று கேட்டேன். வாய்ப்பே இல்லை மேடம், ஒவ்வொரு குழாய்க்கும் தனி எண் இருக்கிறது என்று அந்தப் பெண் கன்னடத்தில் சொன்னாள். அப்பா மகள் என்றால் பாதிக்குப் பாதி ஒத்துப்போகும், உங்கள் இருவருக்கும் துளிகூட ஒத்துப்போகவில்லை என்றாள். வேண்டுமானால் ஒரு மனநல ஆலோசகரோடு இருபது நிமிஷம் இலவசமாகப் பேச ஏற்பாடு செய்வதாகச் சொன்னாள். இலவசம் என்று கேட்டும் எனக்குக் கை நீளவில்லை.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

வீட்டுக்குப் போனேன். அப்பா களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். எனக்குப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவருடைய காதைப் பார்த்தேன். விரல்களைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு அவருடைய நெற்றி என்று எல்லோரும் சொல்வார்கள். நெற்றி என்றால் எல்லோருக்கும் நெற்றிதான் என்று அன்றைக்குத் தோன்றியது.

"டெஸ்டு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு."

"இன்னா சொல்றான்?"

"எல்லாம் சொல்றான்."

"எல்லாமேவா?"

"எல்லாந்தான்பா. ஒண்ணும் மறைக்க முடியாதுன்னு சொன்னேன் இல்ல."

அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். "நானே சொல்லியிருக்கணும். எப்பிடிச் சொல்றதுன்னு தெரில. உங்கம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பா" என்றார்.

அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும். குழாய் பொய் சொல்லலாம், உதவி எண் பொய் சொல்லலாம், இது அவர் வாயிலிருந்தே வந்தது. "பரவால்ல, உடுங்க" என்றேன். மீதிக் களியைச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன்.

பத்து நாளில் ஒயிட்ஃபீல்டில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் பிடித்தேன். ஆபீசில் வேலை அதிகம், தினம் ரயிலில் வந்து போக முடியவில்லை என்று சொன்னேன். அப்பா வாதாடவில்லை. "அதான் நல்லது" என்றார். சீக்கிரமாகச் சம்மதித்துவிட்டார் என்பதை நான் குறித்துக்கொண்டேன். வளர்த்த கடமை முடிந்தது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணினேன். எதை எடுத்தாலும் அந்த ஒரு பக்கமாகவே என் புத்தி ஓடியது.

சாயந்தரம் ஏழு மணிக்கு தினமும் போன் செய்வார். சாப்ட்டியா என்பார். ஆச்சு என்பேன். மழை உண்டா என்பார். இல்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டேன். மூன்று மாதத்தில் நாலு தரம் போயிருப்பேன். போனபோதும் மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவேன். சட்டை தோளில் தொங்குவதைப் பார்த்தேன். "இளைச்சுட்டீங்க" என்றேன். "வயசாவுது இல்ல" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அந்த மூன்று மாதமும் நான் செத்துப்போன அம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்பா நைட் ஷிப்டில் ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கும்போது மேலே வீட்டுக்கு யார் வந்திருப்பார்கள் என்று யோசித்தேன். பால்காரர், லைன் மேஸ்திரி, சீட்டு பிடிக்கிறவர் எல்லோரையும் கூண்டில் ஏற்றினேன். அப்பாவின் கூட்டாளி கிளமெண்ட் மாமாவைக்கூட விடவில்லை. அவர் மூக்கையும் என் மூக்கையும் செல்போன் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா பாவம், சாமி கும்பிடுவதும் கல் பொறுக்கி அரிசி களைவதும் தவிர அவளுக்கு வேறு எதற்கு நேரம் இருந்தது என்று இன்னொரு மனது சொல்லும். நேரம் எவ்வளவு வேண்டும் என்று முதல் மனது கேட்கும். இப்படி ஒரு மனது எனக்கு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போனால் அவள் படத்துக்குப் பூ வைப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா அதைப் பார்த்தார்.

மூன்றாம் மாதக் கடைசியில் அப்பாவின் டிஎன்ஏ கணக்குக்கு ஒரு செய்தி வந்தது. ஃப்ளோரா என்று ஒரு பெண், பெங்களூர் லிங்கராஜபுரம். "வணக்கம். நீங்கள் என் தாய்மாமன் என்று இது காட்டுகிறது. எங்கள் அம்மாவுக்கு ஒரே அண்ணன்தான். அவர் கேஜிஎஃப்பில் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறார், பெயர் கிளமெண்ட். காத்தவராயன் என்று எங்களுக்கு யாரும் கிடையாது. எங்கள் தாத்தா ஏதாவது வேலை பண்ணியிருக்கிறாரா? அம்மாவிடம் கேட்க பயமாக இருக்கிறது."

மூன்று தரம் படித்தேன். பிறகு அப்பாவின் ரிப்போர்ட்டை மறுபடி திறந்தேன். வழுக்கை விழ வாய்ப்பு மிகக் குறைவு. கிளமெண்ட் மாமாவுக்கு அறுபத்தொன்பது வயதிலும் தலை நிறைய முடி, கல்யாண வீட்டில் எல்லோரும் இழுத்துப் பார்த்துக் கேலி செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நேராக ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். கிளமெண்ட் மாமாவும் அவர் மனைவி பியாட்ரிஸ் ஆண்டியும் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். ஆண்டி உள்ளே போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார். நான் உட்காரவில்லை.

"மாமா, எங்கப்பாவுக்குப் பதிலா நீங்க துப்பினீங்களா?"

மாமா கட்டியிருந்த வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மாட்டிக்கினோமா?" என்றார். சின்னப் பையன் மாதிரி சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உக்காரு கண்ணு. அவன் மேல கோச்சுக்காத. அந்தக் காலத்துல அவன் எனக்கு மூணு வாட்டி துப்பிக் குடுத்தவன். இது கூட நான் செய்லன்னா இன்னா மனுசன்."

"புரியல மாமா."

"மைன்ல துப்பு டெஸ்டு வெப்பாங்கம்மா. மூடி போட்ட டப்பாவ முந்தின நாளே குடுத்துருவாங்க. காலைல எழுந்து வெறும் வயித்துல காறித் துப்பி எடுத்தாரணும். டிபி கீதா, நெஞ்சு கெட்டுப்போச்சான்னு பாப்பாங்க. ஃபெயிலாயிட்டா கீழ எறக்கற கேஜ்ல ஏத்தமாட்டாங்க. மேல ஏதாவது சில்லறை வேலை, பாதி சம்பளம். எனக்கு அப்போ நெஞ்சு செரியில்ல. உங்கப்பன் நெஞ்சு கல்லு மாதிரி. ஆறு மணிக்கெல்லாம் வந்து என் டப்பாவுல துப்பிட்டுப் போவான். நான் வெளிய டாக்டராண்ட மாத்திரை வாங்கித் தின்னுகினே கீழ எறங்கினேன். அந்த மூணு வாட்டியும் பாஸ்."

"இப்போ எதுக்கு மாமா?"

மாமா உள்பக்கம் திரும்பி ஆண்டியைப் பார்த்தார். ஆண்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"சொல்லிடுங்க. நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் ஆண்டி.

"அவனுக்கு ரத்தம் வருதும்மா. இருமினா ரத்தம். தைப்பூசத்துல இருந்தே. நீ வூட்ல இருக்கசொல்ல இரும மாட்டான், அடக்கிக்குவான். நீ ரயிலுக்குப் போனப்புறம் பின்னால போய் இருமுவான். உன்னாண்ட சொன்னா வேலைய உட்டுட்டு அவன் பக்கத்துல ஒக்காந்துக்குவன்னு பயம். அதுக்குள்ள நீயே டப்பாவ எடுத்தாந்து நீட்டிட்ட, எல்லாம் தெரியும்னு வேற சொன்னியாம். காலைல அஞ்சரைக்கு எடுத்துகினு வந்துட்டான். 'கிளமெண்டு, இப்போ உன் நெஞ்சுதான் க்ளீனு, துப்புடா'ன்னான்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது அதுதான். அம்மா ஒன்றும் செய்யவில்லை. என் நெற்றி அவருடைய நெற்றிதான். கிளமெண்ட் மாமா என் அப்பன் இல்லை என்பது மட்டும் விஞ்ஞானப்படி நிரூபணமாகியிருக்கிறது என்று நினைத்து, அந்த இடத்தில் நின்றுகொண்டு சிரிக்கக்கூட வாய் திறந்தேன். அரை நிமிஷம் இருந்திருக்கும். பிறகுதான் மாமா சொன்ன மற்றது என் காதுக்குள் இறங்கியது. தைப்பூசம் முடிந்து ஆறு மாதம் ஆகிறது.

"அது நெஞ்சு டெஸ்ட் இல்ல மாமா" என்றேன். "யார் யாருக்குச் சொந்தம்னு பாக்கிற டெஸ்ட். அவருக்கும் எனக்கும் சொந்தமே இல்லன்னு வந்துச்சு."

மாமாவுக்குப் புரிய நேரமாயிற்று. ஆண்டிக்குச் சீக்கிரம் புரிந்தது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்போ இத்தினி நாளும் நீ..." என்று ஆரம்பித்து மாமா நிறுத்தினார்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க. ரெண்டு பேரும்" என்றேன்.

ஊரிகத்துக்கு ஆட்டோவில் போனேன். அப்பா கட்டிலில் சாய்ந்து கன்னடச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சோறு வைக்கட்டுமா என்றார். "கிளமெண்ட் மாமா சொல்லிட்டார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். சண்டை போடுவார் என்று பேச்செல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர், "சரி" என்றார். பிறகு, அடக்கிவைத்திருந்த இருமலை முதல் தடவையாக என் எதிரில் இருமினார். அது ஓய வெகுநேரமாயிற்று. அந்தச் சத்தம் முடிகிறவரை நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். எலும்பு எண்ணும்படி இருந்தது.

கோலாரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் எல்லாம் எடுத்தார்கள். சளி, ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன். நான் லீவு போட்டிருந்தேன். வரிசையில் நின்றேன், பில் கட்டினேன், படத்தை வாங்கி உறையில் போட்டேன். கோப்பு பார்த்துப் பழகியவள் என்பதால் எந்தக் காகிதம் எங்கே போகவேண்டும் என்று நர்சுகளுக்கே சொன்னேன். நன்றாகச் சமாளிக்கிறீர்கள் என்று ஒரு நர்ஸ் பாராட்டினாள். சமாளிக்க உள்ளே ஏதாவது அசைந்தால்தானே.

நாலாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். சின்ன வயது டாக்டர், தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். டிபி இல்லை, கட்டி என்றார். இடது நுரையீரலில் ஆரம்பித்து ஈரலுக்குப் போயிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவராகவே விரலை மடக்கி மாதக் கணக்கு சொன்னார். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டேன். ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். அந்த ஏதாவது என்ன என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு எங்கே வைப்பது.

அப்பா எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, ஸ்கூல் பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். டாக்டர் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், இது ஒட்டிக்குமா?"

"இல்ல தாத்தா. இது ஒட்டற வியாதி இல்ல. கூட இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அப்பாவின் முகம் தெளிந்தது. அந்த அறையில், அந்தச் செய்திக்குப் பிறகு, அந்த முகத்தை டாக்டரே விநோதமாகப் பார்த்தார்.

மருந்துச் சீட்டுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே சுவரில் கை கழுவும் முறை படம் படமாக ஒட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒட்டிக்காதாம்."

"ம்."

"அப்போ நீ வூட்டுக்கே வந்துடலாம் மமதா. இன்னாத்துக்கு அந்த ஹாஸ்டல்ல கெடக்கிற."

எனக்குப் புரியவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரிப்போர்ட்டு வந்த அன்னிக்கே உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "கிளமெண்டு துப்பினதையும் புடிச்சுட்டான், எனக்கு நெஞ்சு கெட்டுப்போனதையும் புடிச்சுட்டான்னு நெனச்சேன். நீதான் எல்லாம் தெரியும்னு சொன்னியே. அதான் நீ தள்ளிப் போயிட்ட. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லம்மா. நல்லதுதான்னு இருந்தேன். டிபியா இருந்தா உனக்கும் வந்துருமே. நீ வர்ற அன்னிக்கு உன் தட்டு டம்ளரெல்லாம் சுடுதண்ணியில போட்டுத்தான் எடுத்துவெப்பேன்."

மூன்று மாதம் அவர் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து, தான் சாகக் கிடப்பது தெரிந்தே மகள் பயந்து விலகிவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். நினைத்துக்கொண்டு தினமும் ஏழு மணிக்கு சாப்ட்டியா என்று போன் செய்திருக்கிறார்.

நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்திருந்தால் ஒரு நாள் நகர்ந்திருக்கமாட்டேன் என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. அப்படியானால் ஏன் போனாய் என்று கேட்பார். அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. நீங்கள் எனக்கு அப்பன் இல்லை என்று நினைத்தேன், அம்மா யாரோடோ போனாள் என்று நினைத்தேன், அதை ஒரு நாள்கூட உங்களிடம் கேட்காமல் நம்பினேன். அவருக்கு மீதி இருக்கிற மாதங்களை விரலில் மடக்கிக் காட்டிவிட்டார்கள். அந்த விரல்களுக்குள் இதையும் கொண்டுபோய் வைக்க எனக்கு மனதில்லை. நோய்க்குப் பயந்த மகள் என்று அவர் நினைத்துக்கொண்டு போகட்டும். அந்த மகளை அவர் ஏற்கெனவே மன்னித்துவிட்டார்.

"ஆமாம்பா" என்றேன். "பயந்துட்டேன்."

அப்பா தலையை ஆட்டினார். என் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"எங்க நைனாவும் அப்பிடித்தான். எங்கம்மாவுக்குப் பெரியம்மை போட்டப்போ வாசப்படி தாண்டி உள்ள வர்ல. அம்மா செத்தப்புறந்தான் வந்தாரு. வாட்டசாட்டமான ஆளு, சீக்குன்னா மட்டும் அப்பிடி ஒரு பயம். அது எனக்கு வர்ல. உனக்கு வந்துகீது." கையைத் தட்டிக்கொடுத்தார். "ரத்தத்துல வர்றதும்மா அது. நீ இன்னா பண்ணுவ."

நான் ஆமாம் என்றேன்.